பட்டம் வாங்கலையோ பட்டம்!

உங்களிடம் நிறையப் பணம் இருக்கிறது. ஊரில் மரியாதைதான் கொஞ்சம் குறைச்சல். என்ன செய்வீர்கள்?

1920-ல் நீங்கள் லண்டனில் இருந்திருந்தால் கவலையே இல்லை. பார்லிமென்ட் தெரு, 38-ம் எண் அலுவலகத்துக்குப் போனால் போதும். பிரதமர் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அங்கே மாண்டி கிரிகரி என்றொரு ஆசாமி இருப்பார். பாதிரியார் மகன். பளபளவென்று கோட்டு, சூட்டு. பேச்சில் தேன். கையில் ரேட்டு.

'சர்' பட்டமா? 10,000 பவுண்டு. மகனுக்கும் பேரனுக்கும் தொடருகிற 'பேரனெட்' பட்டமா? முப்பதாயிரத்துக்கு மேல். 'லார்ட்' ஆகி, பிரபுக்கள் சபையிலேயே போய் உட்கார வேண்டுமா? ஐம்பதாயிரத்திலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

இதெல்லாம் மன்னர் கொடுக்கும் பட்டங்கள். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போடுவது பிரதமர். அப்போதைய பிரதமர் லாயிட் ஜார்ஜ். முதல் உலகப் போரை ஜெயித்துக் கொடுத்தவர் என்று நாடே கொண்டாடிய மனிதர். அவருக்கு எதற்கு இந்த வேலை?

விஷயம் எளிது. அவருடைய லிபரல் கட்சி இரண்டாக உடைந்திருந்தது. கட்சியும் கஜானாவும் பழைய தலைவர் ஆஸ்க்வித் பக்கம். லாயிட் ஜார்ஜிடம் நாற்காலி இருந்தது, கல்லாப்பெட்டி இல்லை. அதை நிரப்பப் பட்டங்கள் பயன்பட்டன. 1916 முதல் 1922 வரை 1,500-க்கும் மேற்பட்ட 'சர்'கள் உருவானார்கள். கூட்டணியில் இருந்த கன்சர்வேடிவ் கட்சிக்காரர்களும் தங்கள் பங்கை விடவில்லை.

ரசீது கிடையாது என்பதால் வாங்குகிறவர்களும் உஷார். ஒருத்தர் தனக்கு வரப்போகும் புதுப் பட்டப் பெயரிலேயே செக்கில் கையெழுத்துப் போட்டாராம். பட்டம் வந்தால்தான் செக் செல்லும். எப்படி இருக்கிறது யோசனை?

1922 ஜூனில் குட்டு உடைந்தது. லார்ட் பட்டியலில் சர் ஜோசப் ராபின்சன் பெயர் இருந்தது. தென் ஆப்பிரிக்கச் சுரங்க முதலாளி. பங்கு விவகாரத்தில் தன் கம்பெனியையே ஏமாற்றியதற்காக ஐந்து லட்சம் பவுண்டு கட்டச் சொல்லி கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. அப்பீலும் சில மாதங்களுக்கு முன்புதான் தோற்றிருந்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய மையே காயவில்லை, அதற்குள் பிரபு! சபை கொதித்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கண்டித்துக் கடிதம் எழுதினார். 'பட்டம் வேண்டாம்' என்று ராபின்சனே சொல்லும்படி ஆயிற்று. அக்டோபரில் கூட்டணி உடைந்தது. லாயிட் ஜார்ஜ் வீட்டுக்குப் போனார். இன்னும் 22 வருடம் உயிரோடு இருந்தும், மறுபடி மந்திரியாகக்கூட ஆகவில்லை.

1925-ல் ஒரு சட்டம் வந்தது. பட்டம் விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம்.

கிரிகரி அசரவில்லை. சரக்கு இல்லாமலே கடையை நடத்தினார். முன்பணம் கொடுத்த ஒருவர் பட்டம் வருமுன் இறந்துவிட, வாரிசுகள் 30,000 பவுண்டைத் திருப்பிக் கேட்டார்கள். பண நெருக்கடி. அவசரத்தில் ஒரு கடற்படை அதிகாரியிடம் போய், பத்தாயிரம் கொடுத்தால் 'சர்' என்றார். அவர் நேராக ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய்விட்டார்.

1933 பிப்ரவரியில் வழக்கு. முதலில் 'குற்றவாளி அல்ல' என்றார் கிரிகரி. பல பெரிய மனிதர்களுக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. விசாரணை நீண்டால் யார் யார் பெயர் வருமோ! சில நாளிலேயே 'குற்றவாளிதான்' என்று மாற்றிச் சொன்னார். இரண்டு மாதச் சிறை, 50 பவுண்டு அபராதம். வெளியே வந்ததும் பிரான்ஸுக்குப் போய்விட்டார். அங்கே தொடர்ந்து பணம் போய்ச் சேர்ந்தது. ஏற்பாடு கன்சர்வேடிவ் கட்சித் தரப்பு. பட்டம் விற்ற காலம் போய், மௌனம் விற்ற காலம்! 1941-ல் பாரீஸில் இறந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2005 தேர்தலுக்கு முன் டோனி பிளேரின் தொழிற்கட்சி சில பணக்காரர்களிடம் ரகசியமாகக் கடன் வாங்கியது. ஏன் கடன்? நன்கொடை என்றால் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. வியாபார வட்டிக்கு வாங்கிய கடனை அப்போது காட்ட வேண்டியிருக்கவில்லை. சட்டத்தில் அப்படியொரு சந்து இருந்தது. கடன் கொடுத்தவர்களில் சிலருடைய பெயர்கள் லார்ட் பதவிக்கான பரிந்துரையில் இருந்தன. 2006-ல் போலீஸ் விசாரணை ஆரம்பித்தது. பதவியில் இருக்கும் பிரதமரையே போலீஸ் விசாரித்தது. சந்தேக நபராக அல்ல, சாட்சியாக. 2007 ஜூலையில் முடிவு வந்தது. யார் மீதும் வழக்கு இல்லை. 'இதற்கு இது' என்று பேரம் பேசியதற்கு ஆதாரம் போதாது.

யோசித்துப் பாருங்கள். பணம் வந்தது தெரியும். பெயர் பட்டியலில் ஏறியதும் தெரியும். நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வாக்கியம்தான் கோர்ட்டுக்கு வேண்டும். அதை யார் எழுதி வைப்பார்கள்?

1925 சட்டத்தில் தண்டனை பெற்றவர் இதுவரை ஒரே ஒருத்தர்தான். நம்ம கிரிகரி. விற்ற தலைவர்கள் இல்லை, வாங்கிய முதலாளிகள் இல்லை. புரோக்கர் மட்டும்!