பன்னீரில் மிதந்த எண்ணெய்

அத்தரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் கலீபாக்களின் அவைகளையும் அமீர்களின் கருவூலங்களையும் பற்றியே விரிவாக எழுதியுள்ளனர். அந்த மணத்தை வடித்தெடுத்த கரங்களைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. ஹைளு நிற்கும் பருவத்தில் பெண்கள் படும் அவதிகளுக்கு நறுமண எண்ணெய்கள் உதவுமா என்னும் கேள்வி இன்று நம் இல்லங்களிலும் எழுகின்றது. அதற்கு விடை காண விழைவோர் பாரசீகத்துப் பன்னீர்க் கலயங்களிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

அப்பாஸியக் கலீபா மஃமூன் (813–833) காலத்து வருவாய்ப் பட்டியல் ஒன்றை இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் தருகின்றார். பார்ஸ் மாநிலம் பக்தாதுக்குப் பணத்தோடு ஆண்டுதோறும் 30,000 குப்பிப் பன்னீரும் செலுத்தி வந்ததாக அதில் காண்கின்றோம். அம்மாநிலத்து ஜூர் நகரின் பன்னீர் கிழக்கே சீனம் வரையிலும் மேற்கே மக்ரிப் வரையிலும் சென்றது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்கிந்தி, நறுமணப் பொருள்களையும் அவற்றை வடிக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே இயற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்டது அந்நூல். வாலையில் மலர் வடிக்கும் கலையை இப்னு சீனாவே கண்டுபிடித்தார் என்று நம்மவர் மேடைதோறும் முழங்குவதுண்டு. இப்னு சீனா பிறந்தது 980இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அல்கிந்தி மறைந்துவிட்டார். இல்லாத பெருமையைச் சூட்டித்தான் அம்மேதையை உயர்த்த வேண்டும் என்பதில்லை. இதய மருந்துகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலே போதும். நறுமணம் உயிராற்றலை மகிழ்வித்து இதயத்துக்கு வலுவூட்டும் என்பது அதில் அவர் கொண்ட கருத்து. மணத்தை அழகுப் பொருளாக மட்டுமன்றி மருந்தாகவும் நோக்கிய பார்வை அது.

ஆயினும் அந்நாள் வரை பெரும்பாலும் வடித்தது பன்னீரையே, எண்ணெயை அன்று. ரோஜா இதழ்களை நீரிலிட்டுக் காய்ச்சினால் எழும் ஆவியோடு இதழின் எண்ணெயும் எழும். ஆவி குளிர்ந்து நீராகும்போது அவ்வெண்ணெயின் ஒரு பகுதி நீரில் கரையும். எஞ்சியது மேலே மெல்லிய ஏடாக மிதக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ இதழ்கள் வேண்டும் என்றால், சிறு கலயத்தில் அந்த ஏடு எத்துணை நொய்யதாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கண்டவர் பலர் இருந்திருக்கலாம். பொருட்படுத்தியவர் யார்?

இந்தியாவைப் பொறுத்தவரை இதற்கு விடை சொல்பவர் பேரரசர் ஜஹாங்கீர். பேகம் நூர்ஜஹான்தான் அத்தரைக் கண்டுபிடித்தார் என்ற கதை நாடெங்கும் வழங்குகின்றது. பேரரசரின் நினைவுக் குறிப்போ, அது நூர்ஜஹானின் தாயாருடைய முயற்சி என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. அவர் பெயர் அஸ்மத் பேகம். பன்னீர் தயாரிக்கையில் சூடான நீரின்மேல் படிந்த ஏட்டைச் சிறிது சிறிதாக வழித்துச் சேர்த்தவர் அவரே. அதன் ஒரு துளி அவையெல்லாம் மணக்கச் செய்யும் என்றும், சோர்ந்த உள்ளத்தை மீட்கும் என்றும் ஜஹாங்கீர் வியந்து எழுதி, அவருக்கு முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தார். அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' எனப் பெயர் சூட்டியவர் அரண்மனையின் மூத்த பெண்மணி சலீமா சுல்தான் பேகம். அவர் காலமானது 1612ஆம் ஆண்டின் இறுதியையொட்டி. எனவே கண்டுபிடிப்பு அதற்கு முந்தியதாதல் வேண்டும். உலகிலேயே இதுதான் முதல் ரோஜா எண்ணெய் என்று அறுதியிட இயலாது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இத்தாலிய மருத்துவர் ஒருவரும் இத்தகைய எண்ணெயைக் குறித்துள்ளார்.

ஈண்டு ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூர்ஜஹான் பிறந்தது 1577இல். அஸ்மத் பேகம் அதற்கு முன்னரே ஆண்மக்களைப் பெற்றவர். ஆக, அந்த ஏட்டை வழித்தெடுத்தபோது அவர் ஐம்பதை ஒட்டியவராகவோ கடந்தவராகவோ இருந்திருப்பார். பெண்ணின் பயன் முடிந்துவிட்டதாகப் பலரும் கருதும் வயதில் செய்த காரியம் அது! 1621இல் மறைந்த அவர், ஆக்ராவில் யமுனைக் கரையில் கணவரின் அருகே அடங்கியிருக்கின்றார். அந்த மாளிகைக்கு வழங்கும் பெயரோ, 'இஃதிமாதுத் தௌலா' என்னும் கணவரின் பட்டப் பெயரே.

அரபு மொழியில் அப்பருவத்துக்கு 'ஸின்னுல் யஃஸ்' என்று பெயர். 'நம்பிக்கையிழந்த வயது' என்று அதை மொழிபெயர்த்துப் பெண்களை மேலும் துன்புறுத்துவோர் உளர். திருக்குர்ஆனின் தலாக் அத்தியாயம் இத்தாவைப் பற்றிக் கூறுமிடத்தில், ஹைளு இனி வரும் என்னும் எதிர்பார்ப்பு அற்றவர்களுக்கு மூன்று மாதம் என்று விதிக்கின்றது. அற்றுப்போவது அந்த எதிர்பார்ப்பு மட்டுமே. வாழ்வின் மீதுள்ள நம்பிக்கை அன்று.

ஐரோப்பிய மருத்துவம் இதற்கு 'மெனோபாஸ்' என்னும் பெயரை நிலைநிறுத்தியது 1821இல், கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவரால். 20ஆம் நூற்றாண்டில் ஹார்மோன் மாத்திரைகள் வந்தன. 2002இல் அமெரிக்காவில் நடந்த பேராய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய் முதலிய அபாயங்கள் தென்பட்டதால் இடையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மாத்திரைகளைக் கைவிட்டனர். 60 வயதுக்குட்பட்ட நலமுள்ள பெண்கள் பலருக்கு நன்மையே மிகுதி என்று பின்னர்த் தெளிவாகியும், அச்சம் முற்றாக அகலவில்லை. நறுமண எண்ணெய் வணிகம் அவ்விடைவெளியில் செழித்தது.

சரி, எண்ணெய் உதவுமா? ஈரானின் அர்தபீல் நகரில் 100 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. நாளுக்கு இருமுறை, 20 நிமிடம், 12 வாரங்கள் லாவெண்டர் மணத்தை முகர்ந்தபோது, திடீரென உடலெங்கும் வெம்மை பரவும் தொல்லை குறைந்தது. லாவெண்டர் நமக்கு அந்நியமன்று. ஹகீம்கள் 'உஸ்துகுத்தூஸ்' என்று வழங்கி, 'மூளையின் துடைப்பம்' எனப் புகழும் மூலிகை அதன் நெருங்கிய இனமே. ஆனால் இத்தகைய ஆய்வில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முகர்வது மருந்தா அன்றா என்பதை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். போலி மருந்து உட்கொண்டவர்க்கும் இத்தொல்லை கணிசமாகக் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. வெம்மைக்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைய, மூளையில் உடற்சூட்டைச் சீராக்கும் பகுதி நிலைதடுமாறுவது. மணம் அதைச் சரிசெய்கின்றது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மனத்தை அமைதிப்படுத்தி உறக்கத்துக்குத் துணைநிற்கலாம் என்பதே நியாயமான முடிவு. இரவு மூன்று மணிக்கு வியர்வையில் நனைந்து எழும் பெண்ணுக்கு அதுவும் சிறிதன்று.

கைக்குட்டையில் ஓரிரு துளி விட்டு முகரலாம். உடலில் தடவுவதாயின் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்தே தடவ வேண்டும். உட்கொள்ளுதல் ஆகாது. ஆஸ்துமா உடையோர் விலகியிருப்பது நலம். அத்தர் என்று விற்பனவற்றுள் பாரஃபின் எண்ணெயில் செயற்கை மணம் கலந்தவையும் உண்டு. இவற்றினும் முக்கியமானது ஒன்று: ஹைளு நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் உதிரம் தென்பட்டால், அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அத்தர்ப் புட்டியை அப்பால் வைத்துவிட்டு, கூச்சம் பாராமல் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அழைத்துச் செல்வது வீட்டு ஆண்களின் பொறுப்பு.