தலைவன் பிழையும் வீரன் மானமும்

திருச்சிற்றம்பலம்.



தாம்பரத்தை அடுத்த ஒரு திருக்கோயிலில் கந்த சட்டி விழாவின் ஐந்தாம் நாள் இரவு, சிங்கமுகாசுரன் வரலாற்றை விரித்துரைத்து முடித்து யாம் புறப்படுங்கால், எம்மை ஒத்த வயதினர் ஒருவர் அருகில் வந்தார். நிமிர்ந்த நடை, நெற்றி நிறையத் திருநீறு. “ஐயா, நான் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் சிப்பாயாக இருந்தவன். என் தோள் ஒட்டி நின்ற நண்பன் அங்கேயே போய்விட்டான். அந்தப் படையை அனுப்பியதே தவறு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அனுப்பியவர்கள் செய்தது தவறு என்றால், போய் மாண்டவன் சாவும் தவறுதானா?” என்று கேட்டார்.

உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. “ஏழாம் நாள் வாருங்கள், ஐயா” என்று மட்டும் சொல்லி விடைபெற்றோம். திருக்கல்யாணத்து இரவில் அவர் பொருட்டு யாம் கூறியவற்றையே ஈண்டுத் தொகுத்து எழுதுகின்றோம்.

இக்கேள்வி நேற்று இன்று பிறந்ததன்று. தாம்பரத்திலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் மணிமங்கலம் என்னும் ஊர் வரும். இன்று ஏரியும் வயலும் தருமேசுவரர் திருக்கோயிலுமாக அமைதியாகக் காட்சி தரும் அவ்வூர், ஏழாம் நூற்றாண்டில் குருதி தோய்ந்த போர்க்களம். வாதாபிச் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த களங்களுள் மணிமங்கலமும் ஒன்று எனக் கூரம் செப்பேடு கூறுகின்றது. பின்னர், கி.பி. 642-இல், பல்லவர் படை வாதாபி வரை சென்று அந்நகரை அழித்தது. அப்படையை நடத்திய பரஞ்சோதியாரே சிறுத்தொண்ட நாயனார் என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

வென்ற படையைப் புகழ்வது எளிது. இதற்கு ஒரு தலைமுறை முன் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன். பல்லாவரத்துக் குன்றில் அவன் குடைவித்த குடைவரையும், அதில் வெட்டுவித்த விருதுப் பெயர்களும் இன்றும் உள்ளன. கலையில் வல்லவன், ஆயினும் அவன் காலத்தில் புலிகேசியின் படை தொண்டை நாட்டுள் புகுந்தது. பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒதுங்கச் செய்ததாகக் கி.பி. 634-ஆம் ஆண்டின் ஐகோளே கல்வெட்டு பெருமிதம் கொள்கின்றது. அக்காலத்தில் எல்லையில் நின்று மாண்ட பல்லவ வீரர்கள், மைந்தன் காலத்தில் மணிமங்கலத்தில் வென்ற வீரர்களைவிடத் தாழ்ந்தவரோ? அன்று. முன்னவர் மதில் விழாமற் காத்திராவிடில், பின்னவர் புறப்படுவதற்குக் காஞ்சியே இருந்திராது.

திருநாவுக்கரசு நாயனாரை ஒறுத்த மன்னனும் இம்மகேந்திரனே என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. அம்மன்னன் ஆணையால் அப்பர் பெருமான் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கப்பெற்றார், நஞ்சு கலந்த அமுதை உண்பிக்கப்பெற்றார், யானைமுன் கிடத்தப்பெற்றார், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பெற்றார். இவற்றை மன்னன் தன் கையாற் செய்தானல்லன். அவன் ஊதியம் உண்டவர்களே செய்தனர். மதிற்புறத்தே நின்று மாண்டவனும் அதே மன்னனின் ஊழியன். நீற்றறையின் கதவை அடைத்தவனும் அதே மன்னனின் ஊழியன். தலைவன் ஒருவனே; சோறும் ஒன்றே. எனினும் ஒருவனுக்குப் புகழும் மற்றவனுக்குப் பழியும் சேர்ந்தன. ஆகவே, ஊழியனின் மானம் தலைவனின் தகுதியைப் பொறுத்ததன்று. தன் கை செய்த செயலைப் பொறுத்தது என்பது போதரும்.

ஏவப்பட்ட அந்த யானையையும் நினைந்து பாருங்கள். அதுவும் மன்னன் படையைச் சேர்ந்ததே. அது அப்பர் பெருமானை வலம் வந்து வணங்கித் திரும்பிற்று. ஆயுதம் ஏந்தாத அடியாரை மிதிக்க என்று வந்த ஆணையை அது ஏற்கவில்லை. ஏவிய பாகர்க்கு இல்லாத தெளிவு ஏவப்பட்ட விலங்கிற்கு இருந்தது.

இனிச் சிங்கமுகனைக் காண்போம். தேவர்களைச் சிறைவைத்தது பிழை, விட்டுவிடு என்று தமையன் சூரபன்மனுக்கு அவன் அவையிலேயே எடுத்துரைத்தான். சூரன் சினந்து இகழ்ந்தான். அதன்பின் சிங்கமுகன் தமையனுக்காகப் போர்மேற் சென்று முருகப்பெருமான் கையில் மாண்டான். அவன் நின்ற பக்கம் அறத்தின் பக்கமன்று. அதற்குரிய விலையைத் தன் உயிரால் தந்தான். ஆயினும் அவன் அம்மைக்குச் சிங்க ஊர்தியானான் என்று வழங்கும் மரபை நாம் மறத்தலாகாது. வானில் நிகழ்ந்த போருக்குரிய தலமெனப் போற்றப்பெறும் திருப்போரூர் நமக்கு அண்மையிலேயே உள்ளது. அங்குச் சூரசங்காரம் காணச் செல்வோர், சிங்கமுகன் விழுவதை மட்டும் காணாமல், அவன் அவையில் உண்மை உரைத்ததையும் நினைதல் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். ‘அரசன் சோற்றை உண்டவன் அரசனுக்காகவே மாள்வது செஞ்சோற்றுக்கடன் அன்றோ? அரசன் தீயவனாயின் அக்கடனும் தீயதாகாதோ?’ என்பர். முடியரசர் காலத்திற்கு அவ்வினா பொருந்தும். இன்று நம் வீரன் உண்பது எந்த அமைச்சரின் சோறுமன்று. உழவரும் தொழிலாளரும் செலுத்தும் வரிப்பணத்தில் வந்த சோறு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள்வோர் மாறுவர். சோறிட்ட குடிகள் மாறுவதில்லை. ஆதலின் அவன் செஞ்சோற்றுக்கடன் பட்டிருப்பது நமக்கு. திருவள்ளுவரும் கொடுங்கோன்மையை ஓர் அதிகாரத்தில் வைத்து, படைமாட்சியையும் படைச்செருக்கையும் வேறு இரண்டு அதிகாரங்களில் வைத்தார். அரசனின் குற்றத்தைக் கொண்டு படையின் பெருமையை அவர் அளக்கவில்லை.

அண்மைக்கால வரலாறும் இதற்குச் சான்று பகரும். பரங்கிமலையில் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் கழகத்தை நாம் அனைவரும் அறிவோம். அது 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பெற்று, 1988-இல் கழகமெனப் பெயர் பெற்றது. அது தோன்றக் காரணம் 1962-ஆம் ஆண்டுச் சீனப் போர் தந்த அடி. வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் ஏழாம் காலாட்படைப் பிரிகேடு நிறுத்தப்பட்டது. மேட்டில் சீனர், பள்ளத்தில் நம்மவர். பனிக்கு ஏற்ற உடை போதாது, தோட்டா போதாது. அவ்விடத்திற் போர் தொடுப்பது கூடாதென்று படைத்தலைவர் உம்ராவ் சிங் எடுத்துரைத்தார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. அப்பகுதியின் பொறுப்பு அவர் கையினின்றும் மாற்றப்பட்டது. அக்டோபர் 20 விடியலில் சீனர் தாக்க, அந்தப் பிரிகேடு சிதைந்தது. அதன் தலைவர் ஜான் தளவி சிறைப்பட்டார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி துறக்க நேர்ந்தது.

அதே போரில், நவம்பர் 18-இல், இலடாக்கின் ரெசாங் லா கணவாயில் குமாவுன் படைப்பிரிவின் ஏறத்தாழ 120 வீரர்கள் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் நின்றனர். மிகப் பெரும்பாலோர் மாண்டனர். அடுத்த ஆண்டு பனி உருகியபின் தேடிச் சென்றோர், பதுங்கு குழிகளில் ஆயுதம் பிடித்த கையோடு உறைந்து கிடந்த உடல்களைக் கண்டனர். தில்லியின் பிழை அந்தக் கைகளில் ஒட்டியதாக எவரேனும் கூறுவரோ?

இனி நம் அன்பர் கேட்ட இலங்கைக்கு வருவோம். 1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். தமிழர்க்கும் சிங்கள அரசுக்கும் இடையே அமைதி காக்கவே இந்தியப் படை சென்றது. போராளிகளுக்கு முன்னர்ப் பயிற்சி அளித்ததும் இந்தியாவே; அவர்களிடமிருந்து ஆயுதம் களையச் சென்றதும் இந்தியாவே. விடுதலைப் புலிகள் அவ்வுடன்படிக்கையிற் கையெழுத்திட்டவர் அல்லர். அக்டோபர் 10-இல் அவர்களோடு போர் மூண்டது. மறுநாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவின் 30 வீரர்கள் வானூர்தியிலிருந்து இறக்கப்பட்டனர். பின்தொடர வேண்டிய துணை வந்து சேரவில்லை. விடிந்தபின் அம்முப்பதின்மரில் எஞ்சியவர் ஒருவரே. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் மாண்ட நம் வீரர் ஏறத்தாழ 1,200 பேர்.

அவர்களுள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். நம் பரங்கிமலையிற் பயின்று 1972-இல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25-இல் தேடுதற் பணி முடிந்து திரும்புகையில் அவர் குழு வளைக்கப்பட்டது. மார்பிற் குண்டு பாய்ந்தும், எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு, உயிர் பிரியும் வரை தம் வீரர்களுக்குக் கட்டளை கொடுத்துக் கொண்டிருந்தார். பரமவீர சக்கரம் அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. பரங்கிமலையில் இன்று இளைஞர் பயிற்சி முடித்து அணிவகுக்கும் திடல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பரமேசுவரனின் மார்புப் புண்ணைச் சொன்ன நாவால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 21-இல், தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனையுள் இந்தியப் படையினர் புகுந்தனர். மருத்துவர், செவிலியர், நோயாளர் என அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இருதரப்பு மோதலின் இடைப்பட்டு மாண்டனர் என்பது படைத்தரப்பின் கூற்று. உயிர் பிழைத்த மருத்துவமனையினரின் சாட்சியம் அவ்வாறு கூறவில்லை. படுக்கையிற் கிடந்தவனையும், கழுத்தில் மருத்துவக் கருவி அணிந்தவனையும் சுட்ட கைக்குத் தலைவனின் பிழை மறைப்பாகாது. அது நீற்றறையின் கதவை அடைத்த கை. அதுபோலவே, அக்கையின் பழி பரமேசுவரனின் மேலும், நம் அன்பருடைய நண்பரின் மேலும் ஏறாது. ஒரே சீருடை; கணக்கு வெவ்வேறு.

1990 மார்ச்சு மாதத்தில் எஞ்சிய படை கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்தபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்பதற்கில்லை என்பது அவர் நிலை. மாண்ட ஈழத்தமிழரின் துயரை நினைந்தோர்க்கு அது நியாயமாகத் தோன்றிற்று. அத்துயர் உண்மையே, அதை எவரும் சிறிதாக்குதல் கூடாது. ஆயினும் அனுப்பியவர்மேல் எழுந்த சினத்தை, திரும்பி வந்தவர்மேல் இறக்கிவைத்தோம். குற்றம் செய்த கையையும் செய்யாத கையையும் பிரித்தறியும் பொறுமை நமக்கு அன்று இல்லாமற் போயிற்று.

தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியிலும் பரங்கிமலையிலும் பயின்ற மேஜர் முகுந்த் வரதராசன் 2014 ஏப்ரல் 25-இல் காசுமீரத்துச் சோபியானில் வீரமரணம் எய்தினார். பெசன்ட் நகரில் அவருக்கு இறுதி மரியாதை செய்ய ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அடுத்த ஆண்டு அசோக சக்கரம் அளிக்கப்பட்டது. அது தக்கதே. ஆனால் எந்தப் போருக்கு எவர் அனுப்பினார் என்பதை வீரன் தேர்வதில்லை. முகுந்துக்குத் திரண்ட கூட்டத்தில் ஒரு சிறு பகுதியேனும் 1990-இல் துறைமுகத்தில் நின்றிருக்கலாம்.

ஆகவே, ஐயா, உமக்கு எம் விடை இது. தலைமை தவறிய இடத்தில் வீரனுக்கு உரிய கடமை இரண்டு. கேட்கும் இடத்தில் இருப்பவன், சிங்கமுகன் போலவும் உம்ராவ் சிங் போலவும், தலைவன்முன் உண்மையை உரைத்தல் வேண்டும். கடைநிலையில் நிற்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன், அந்த யானைபோல, ஆயுதமற்றவன்மேல் கை ஓங்காதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் காத்தவன் மானத்தை எந்த அமைச்சராலும் கெடுக்க இயலாது. அதைக் கெடுக்க வல்லது அவன் கை ஒன்றே. உம் நண்பர் கை எத்தகையது என்பதை அருகில் நின்ற நீரே அறிவீர்.

யாம் இவ்வாறு கூறி முடித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அவன் தண்ணீர்க்குடுவையை அங்கே ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு, அன்று முழுதும் என் குடுவையில்தான் குடித்தான், ஐயா” என்றார்.

மறுநாள் மாலை, நண்பருக்காக மோட்ச தீபம் ஏற்ற வேண்டுமென்று குருக்களிடம் வந்தார். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் வினவினார். பெயரைச் சொன்னார், நட்சத்திரம் தெரியவில்லை என்று தயங்கினார். “சுவாமிக்குத் தெரியும்” என்று கூறிக் குருக்கள் விளக்கை ஏற்றினார். அருகில் நின்ற நாங்கள் சிலர் கைகூப்பி நின்றோம். துறைமுகத்தில் 1990-இல் நாம் செய்யத் தவறியதில் ஒரு சிறு பங்கை அன்று செலுத்தினோம் என்று எண்ணுகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.