13 வெற்றி, 12 தோல்வி

2010-இல் நான் ஓய்வு பெற்றேன். நம் புதுச்சேரிக்காரர்களுக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் பிரான்ஸ் என்றுதான் அர்த்தம். என் மகள் மட்டும் வழி மாறி அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்குப் போய்விட்டாள். பென்ஷன் காகிதங்கள் எல்லாம் முடிந்த கையோடு, அந்தக் கோடைக்கு நானும் மனைவியும் அங்கே போனோம்.

அங்கே மாலை வேளைகளில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மாப்பிள்ளை டி.வி.யில் பேஸ்பால் பார்ப்பார். பக்கத்து வீட்டில் என் வயதை விடச் சற்று மூத்த ஒரு அமெரிக்கர் இருந்தார். அவரும் சில நாள் வந்து உட்காருவார். இருவரும் விளையாட்டைப் பார்த்ததை விடச் சண்டை போட்டதுதான் அதிகம். பெத்தாங் ஆட்டத்தில் எந்தக் குண்டு கிட்டே இருக்கிறது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் குனிந்து அளந்து சண்டை போடுவார்களே, அதே சூடு. எனக்கு அது பழகிய சத்தம் என்பதால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

சண்டை ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. பெயர் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ். வெனிசுலா நாட்டுக்காரர். சியாட்டில் மரினர்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர். அந்த வருஷம் அவர் சிறந்த பிட்சரா, இல்லையா என்பதுதான் கேள்வி.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் பௌலருக்கு விக்கெட் கணக்கு, ரன் கணக்கு உண்டு. ஆனால் 'இந்த பௌலர் இத்தனை ஆட்டங்களை ஜெயித்தார்' என்று யாரும் எழுதுவதில்லை. ஜெயிப்பது அணிதான். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு பிட்சரின் பெயரில் வெற்றியும், எதிரணியில் ஒரு பிட்சரின் பெயரில் தோல்வியும் எழுதப்படும். முதலில் இறங்கும் பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். அந்த முன்னிலை கடைசி வரை கை நழுவாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி அவர் கணக்கில் ஏறும். அவர் எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்து, அவருடைய ஆட்கள் மட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால், அவருக்கு வெற்றி கிடையாது.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். பேஸ்பாலுக்குக் கணக்கு எழுதும் பழக்கத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர். 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போனவர். அவர் முதலில் எழுதிக்கொண்டிருந்தது கிரிக்கெட் செய்திதான்! அந்தப் பழக்கத்தில்தான் பேஸ்பாலுக்கும் கட்டம் போட்டு, பெயர் பெயராக எண் எழுத ஆரம்பித்தார். ஆக, இந்த எண் பைத்தியத்துக்கு மூலம் நமக்குத் தெரிந்த கிரிக்கெட்தான்.

அந்தக் காலத்தில் 'பிட்சர் ஜெயித்தார்' என்று எழுதியதில் தப்பில்லை. ஒரே ஆள்தான் ஆட்டம் முழுவதும் எறிவார். 1884-இல் பிராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன் 73 ஆட்டங்களைத் தொடங்கி, 73-ஐயும் தானே முடித்தார். அந்த வருஷம் அவர் பெற்ற வெற்றி 59 என்று சில ஏடுகளும், 60 என்று சில ஏடுகளும் சொல்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒன்று தீரவில்லை. ஆடிட்காரர்கள் சந்தோஷப்படும் சமாச்சாரம்.

ஆனால் காலம் மாறியது. ஒரு ஆட்டத்தில் நான்கு பேர், ஐந்து பேர் மாறி மாறி எறியும் வழக்கம் வந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை. பழைய ரிஜிஸ்டரில் ஒரு காலம் அச்சாகிவிட்டால், எதற்கு அந்தக் காலம் என்று கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் அதை நிரப்பிக்கொண்டுதானே இருப்போம்? அதே கதை.

இன்னொரு கணக்கும் உண்டு. பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது. தடுப்பவர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள். இ.ஆர்.ஏ. என்று பெயர். 1912, 1913 வாக்கில் இரண்டு பெரிய லீக்குகளும் இதை அதிகாரபூர்வமாக ஏற்றன. எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

இப்போது 2010-க்கு வருகிறேன். ஃபெலிக்ஸின் இ.ஆர்.ஏ. 2.27. அந்த லீக்கிலேயே அதுதான் முதல் இடம். எறிந்த இன்னிங்ஸும் அவருக்குத்தான் அதிகம், கிட்டத்தட்ட 250. ஆனால் வெற்றி 13, தோல்வி 12. நியூயார்க் யாங்கீஸ் அணியின் சி.சி. சபாத்தியாவுக்கு இ.ஆர்.ஏ. 3.18, வெற்றி 21, தோல்வி 7.

பக்கத்து வீட்டுக்காரர் சபாத்தியா பக்கம். "ஜெயிப்பதற்குத்தானே ஆடுகிறார்கள்? கெட்டிக்காரன் எப்படியாவது ஜெயிப்பான்" என்பார். அதற்கு அவரிடம் ஒரு சாட்சியும் இருந்தது. 1972-இல் பிலடெல்பியா அணி மொத்தமே 59 ஆட்டங்கள்தான் ஜெயித்தது. அதில் 27 வெற்றி ஸ்டீவ் கார்ல்டன் என்ற ஒரே பிட்சருடையது. "மோசமான அணியில் இருந்தவன் ஜெயிக்கவில்லையா?" என்று மேஜையைத் தட்டுவார்.

மாப்பிள்ளை விடமாட்டார். "நோலன் ரயனை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் லீக்கிலேயே குறைந்த இ.ஆர்.ஏ. அவருடையது, 2.76. அதிகம் பேரை அவுட் ஆக்கி அனுப்பியதும் அவர்தான், 270. அவர் கணக்கு என்ன தெரியுமா? 8 வெற்றி, 16 தோல்வி. அவரையும் ஜெயிக்கத் தெரியாதவர் என்பீர்களா?" என்று கேட்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, இந்த வருஷம் யாங்கீஸ் அடிக்கிற ரன் எவ்வளவு, நம்ம ஆட்கள் அடிக்கிற ரன் எவ்வளவு, நீங்களே பாருங்கள்" என்பார்.

சீசன் முடிந்த பிறகு பார்த்தேன். யாங்கீஸ் அடித்தது 859 ரன். மரினர்ஸ் அடித்தது 513. 162 ஆட்டங்களுக்கு 513 என்றால், ஆட்டத்துக்கு மூன்று ரன்னுக்குச் சற்று மேல். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுதான் ஃபெலிக்ஸ் எறிந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்து கத்தினார்கள். ஜூலையில் அணி நிர்வாகம் கிளிஃப் லீ என்ற நல்ல பிட்சரை டெக்சாஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. ஆகஸ்டில் மேலாளர் டான் வாகமட்சுவை வேலையை விட்டே அனுப்பியது. அதற்கு முந்தைய வருஷம் இதே மேலாளர் 85 ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்தவர். இந்த வருஷம் அணி 61 ஜெயித்து 101 தோற்றது. "அடிக்க ஆள் சேர்க்காதவர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், தண்டனை இவருக்கா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். தண்டனை கீழ் நோக்கி இறங்குவது அமெரிக்காவிலும் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை இன்னொரு மனிதரைப் பற்றியும் சொன்னார். பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் பீன்ஸ் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்தவர். அந்த ராத்திரிகளில் பேஸ்பால் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எண் உண்மை சொல்கிறது, எந்த எண் ஏமாற்றுகிறது என்று ஆராய்ந்தார். 1977-இல் சொந்தச் செலவில் ஒரு சிறு புத்தகம் போட்டார். முதலில் வாங்கியவர்கள் நூறு பேர்கூட இல்லை. கால் நூற்றாண்டு கழித்து 2002-இல் பாஸ்டன் அணி அவரை வேலைக்கு வைத்தது. 2004-இல் அந்த அணி 86 வருஷங்களுக்குப் பிறகு உலகத் தொடரை ஜெயித்தது. அவர் ஒருவரால் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் அதே தப்பைச் செய்கிறேன் என்றாகும்.

இ.ஆர்.ஏ.வும் முழுச் சத்தியம் இல்லையாம். மட்டையில் பட்டுப் போகும் பந்து பிடிபடுகிறதா, தரையில் விழுகிறதா என்பதில் பிட்சரின் கை குறைவு, பின்னால் நிற்பவர்களின் திறமையும் அதிர்ஷ்டமும்தான் அதிகம் என்று 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் எழுதி, பெரிய விவாதம் நடந்திருக்கிறது.

தீபாவளிக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டோம். நவம்பரில் மகள் போன் செய்தாள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஃபெலிக்ஸுக்கே கிடைத்துவிட்டதாம். ஓட்டுப் போட்ட 28 பத்திரிகையாளர்களில் 21 பேர் அவரை முதல் இடத்தில் எழுதியிருந்தார்கள். சை யங் என்பவர் 511 வெற்றி பெற்ற பழைய பிட்சர். வெற்றிக்குப் பேர்போனவரின் பெயரில் உள்ள விருது, 13 வெற்றிக்காரருக்கு! வேடிக்கை என்னவென்றால், முந்தைய வருஷம் 19 வெற்றி பெற்றும் ஃபெலிக்ஸுக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்திருந்தது. "பக்கத்து வீட்டுத் தாத்தா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அப்பா" என்று மகள் சிரித்தாள். 2018-இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் வெறும் 10 வெற்றியோடு, 1.70 இ.ஆர்.ஏ.வோடு அதே விருதைப் பெற்றபோது, 30 ஓட்டில் 29 முதல் இடம் அவருக்குக் கிடைத்தது. எட்டு வருஷத்தில் உலகம் மாறிவிட்டது.

அன்று போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில், ஒவ்வொரு மாதமும் யார் எத்தனை ஃபைல் முடித்தார்கள் என்ற பட்டியல் தயாரிப்பது என் வேலை. பெயர், கையிருப்பு, வரவு, முடித்தது, நிலுவை என்று காலங்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு காலம். என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

அங்கே ஒரு மூத்தவர் இருந்தார். எல்லோரும் அவரை 'முசே' என்றே கூப்பிடுவோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பணியில் சேர்ந்து, பிறகும் தொடர்ந்தவர்களின் ஓய்வூதிய ஃபைல்கள் அவரிடம்தான் போகும். பணிப் பதிவு முழுக்க பிரெஞ்சில் இருக்கும். பெயர் எத்தா சிவிலில் ஒரு மாதிரியும், பின்னால் வந்த ஆங்கிலக் காகிதங்களில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்து, மொழிபெயர்த்து, கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு ஃபைலுக்கு ஒரு வாரம்கூட ஆகும். வெளியே பெஞ்சில் ஒரு விதவை உட்கார்ந்திருப்பார். என் பட்டியலில் முசே பெயருக்கு நேரே ஐந்து அல்லது ஆறு இருக்கும். பக்கத்து மேஜையில் சாதாரண விடுப்பு, முன்பணம் பார்த்தவருக்கு நேரே அறுபது, எழுபது இருக்கும்.

பதவி உயர்வுக் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலும் போனது. அறுபதுக்காரர் மேலே போனார். முசேயின் சி.ஆர்.-இல் 'வேகம் போதாது' என்று எழுதப்பட்டிருந்ததாகப் பிறகு காதில் விழுந்தது. அவர் அதே நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார். நான் பொய் எழுதவில்லை. எண் எல்லாம் சரியாகவே இருந்தது. குறிப்பு என்ற காலத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன்.

இதை விட ஒன்று உண்டு. எனக்கும் பிரெஞ்சு தெரியும். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சில் படித்தவன். அந்த ஃபைல்களில் பாதியை நான் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கினால் என் பெயருக்கு நேரே என்ன எண் வரும் என்று, பட்டியல் போடுகிற எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் கேட்கவில்லை.

முசே ஒருநாள்கூட என்னிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. நான் சியாட்டில் போவதற்குச் சில வருஷங்கள் முன்பே அவர் காலமாகிவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். தெருமுனை வரை ஜனம் நின்றது. அதில் வயதான பெண்கள் நிறைய.

பட்டியல் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிய அலுவலகத்தில் ஏதாவது ஒரு எண் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் அந்த எண்ணை எழுதுகிறவனுக்குத்தான் அது எதை விட்டுவிடுகிறது என்பது தெரியும். சியாட்டிலில் என் மாப்பிள்ளை முன்பின் தெரியாத ஒரு வெனிசுலாக்காரருக்காக அவ்வளவு வாதாடினார். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்காக ஒரு வரி எழுதவில்லை.

அன்று காலியாக விட்ட காலத்தில் எழுதியிருக்க வேண்டியதை இன்று இங்கே எழுதுகிறேன்: 'இவரிடம் உள்ளவை பிரெஞ்சு ஆவணங்களைக் கொண்ட கடினமான ஓய்வூதிய ஃபைல்கள். மற்றவர்களின் எண்ணிக்கையோடு இவருடையதை ஒப்பிடக் கூடாது.'

நம் வாசகர்களில் அவரை அறிந்தவர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர் பிள்ளைகளைப் பார்த்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.