ஆளில்லாத படம்



மறைந்த நம் தோழரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் ஒரு புகைப்படக்காரரிடமிருந்து தொடங்க விரும்புகிறேன். அவர் நம்மவர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர், லின்னேயஸ் டிரைப். பழைய கட்டடங்கள்மீதும் பாழடைந்த இடங்கள்மீதும் அவருக்கு இருந்த பற்று, இன்று கேமரா தூக்கும் நம் பிள்ளைகள் பலரிடமும் இருக்கிறது. அந்தப் பற்றில் நாம் எதை எடுத்துக்கொள்வது, எதை மறுப்பது என்பதே இன்றைய பேச்சு.

1856-இல் சென்னை மாகாண அரசு டிரைப்பைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-இல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று படம் எடுத்தார். சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலை எடுத்தார். ஆளுநர் நேப்பியர் காலத்தில் மகாலைச் சீர்செய்வதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். ஒரு எழுத்தும் விடுபடக் கூடாது என்ற அந்தப் பொறுமைக்கு நாம் வணக்கம் சொல்லலாம்.

ஆனால் அவருடைய பெரும்பாலான படங்களில் ஆள் இல்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அன்றைய காகித நெகட்டிவில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். நடந்து போகிறவர் படத்தில் விழ மாட்டார். இன்னொரு காரணம், அரசு அவரிடம் கேட்டது கட்டடத்தை. கட்டியவரையும் சுமந்தவரையும் யாரும் கேட்கவில்லை.

அதே பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் குடியிருப்பைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கேமரா தஞ்சைக்கு வந்தபோது கல்லைப் படம் எடுத்தது, சேரிக்கு வரவில்லை. மதுரைக் கோயிலின் பிரகாரத்தையும் அம்மன் நகைகளையும் டிரைப் 1858-இல் படம் எடுத்தார். நம்மவர்கள் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்தது 1939 ஜூலை 8 அன்று. கேமராவுக்கும் நமக்கும் இடையே 81 ஆண்டுகள்.

இப்போது நம் பக்கத்து மலைக்கு வருவோம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரியும்வரை சங்கரன்கோவிலும் மாஞ்சோலையும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன், சுமார் 8,374 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் உண்டாயின. ஆனால் லயன் வீட்டுக்குப் பட்டா கிடையாது. வேலை இருக்கும்வரைதான் வீடு.

1999 ஜூலை 23 அன்று, கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரிக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்றைக்குக் கேமராக்கள் இருந்தன. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது. அதனால்தான் அன்று நடந்ததை எவரும் வெறும் நெரிசல் என்று சொல்லிக் கடந்துவிட முடியவில்லை.

2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வை அறிவித்தது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. அரசின் டான்டீ தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பல குடும்பங்கள் மலையிறங்கிவிட்டன. குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அந்த இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. காடு வாழ வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. காடு திரும்பும்போது, அங்கே நாலு தலைமுறை வாழ்ந்த சுவடும் சேர்ந்து அழிய வேண்டுமா என்பதே கேள்வி.

இனி அந்த மலைக்குக் கேமராக்கள் வரும். பாசி படிந்த சுவர், கதவில்லாத வீடு, பனி மூடிய பாதை. அழகான படங்கள் வரும். கீழே 'கைவிடப்பட்ட ஊர்' என்று எழுதுவார்கள். தோழர்களே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கைவிட்டது யார் என்று அது சொல்வதில்லை. குடியிருந்தவர்களே விட்டுவிட்டுப் போனதுபோல் ஒலிக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை அப்படிச் சொன்னாலே, இன்றும் அங்கே வலை வீசும் மீனவர்கள் மறைந்துபோகிறார்கள். மனிதர்கள் வெளியேற்றிய ஊரை அப்படிச் சொல்வது இன்னும் பெரிய பொய்.

ஆகவே கேமரா வைத்திருக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. காலி வீட்டை எடுங்கள். அந்த வீட்டில் இருந்தவரைத் தேடிப் போய் அவரையும் எடுங்கள். அவர் சம்மதத்தோடு பெயர், வீட்டு எண், எந்த ஆண்டு வந்தார், எந்த ஆண்டு இறங்கினார், இப்போது எங்கே கூலி வேலை செய்கிறார் என்று படத்தோடு எழுதி வையுங்கள். அவர்கள் பெட்டியில் இருக்கும் கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், சம்பளச் சீட்டு இவற்றையும் நகல் எடுத்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். நாளை பட்டா கேட்டு, ஓய்வுப் பணம் கேட்டு அலுவலகப் படி ஏறும்போது அது அவர்களுக்கு உதவும்.

ஒரு கல்லெழுத்தும் விடுபடாமல் எடுத்தாரே டிரைப், அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். அவர் விட்ட ஆட்களை நாம் எடுக்க வேண்டும். 2028-க்கு அதிக நாள் இல்லை.