யார் கள்ளன்? இணையத்தில் ஆள் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

ராஜா, ராணி, மந்திரி, பொலிஸ், கள்ளன் என்று துண்டுக் கடதாசிகளில் எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டு விளையாடிய தலைமுறை என்னுடையது. பொலிஸ் துண்டு கிடைத்தவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே கள்ளனைப் பிடிக்க வேண்டும். கப்பல்துறையில் இருக்கும் என் மருமகன், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் மச்சான்மாருடன் கைத்தொலைபேசியில் விளையாடும் 'அமங் அஸ்' ஏறத்தாழ அதேதான். ஆனால் அங்கே பார்க்க முகம் இல்லை.

முதல் நாளே முகம் வாடி வந்தான். "மாமா, நான் ஒண்டும் செய்யேல்லை. எழுதி முடிக்க முதலே வெளியில போட்டிட்டாங்கள்" என்றான். தட்டச்சு செய்ய அவனுக்கு நேரம் எடுக்கும். பேசாமல் இருக்கிறான், ஆகவே இவன்தான் என்று எல்லோரும் வாக்களித்துவிட்டார்கள். அதன்பின் அவனுடன் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டவை இவை.

எங்கிருந்து வந்தது?

இந்த வகை விளையாட்டுகளின் தாய் 'மாபியா'. 1986 இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி டவிடோவ் உருவாக்கியது. பின்னர் அது ஓநாய் மனிதன் கதையாக மாறி ஆங்கில உலகில் பரவியது. 2018 இல் வெளியான 'அமங் அஸ்', 2020 இன் கொரோனா முடக்க காலத்தில்தான் உலகெங்கும் பெயர் பெற்றது.

அடிப்படை ஒன்றே. யார் யார் என்று தெரிந்த சிலர். எதுவும் தெரியாத பலர். அமங் அஸில் கப்பல் பணியாளர்கள் தமக்குரிய வேலைகளை முடிக்க வேண்டும், அல்லது வேடதாரிகளை வாக்களித்து வெளியேற்ற வேண்டும். வேடதாரிகள் ஒவ்வொருவராகக் கொன்று, எண்ணிக்கையைச் சமப்படுத்தினால் வெற்றி அவர்களுக்கு.

கணக்கை மறக்காதீர்கள்

பத்துப் பேரில் இருவர் வேடதாரிகள் என்றால், உங்களைத் தவிர்த்து ஒன்பது பேர். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் காட்டினால், ஒன்பதில் ஏழு தடவை அவர் அப்பாவி. ஆதாரம் இல்லாத ஆரம்பச் சுற்றுகளில் வாக்கைத் தவிர்க்கும் பொத்தானை அழுத்துவதில் வெட்கமில்லை. ஆனால் கடைசியில் மூவர் மட்டும் இருந்து அவர்களில் ஒருவர் வேடதாரி என்றால், தப்பான ஒரு வாக்கோடு ஆட்டம் முடிந்துவிடும். ஐவரில் இருவர் என்றாலும் அப்படியே.

ஆளையல்ல, இடத்தைக் கேளுங்கள்

"நீதானே?" என்ற கேள்விக்கு யாரும் ஆம் என்று சொல்லப் போவதில்லை. "எங்கே நின்றீர்கள்? யாரோடு? உடல் எந்த அறையில் கிடந்தது?" என்று கேளுங்கள். இரண்டு பதில்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் துப்பு இருக்கிறது. அதற்கு வரைபடத்தில் அறைகளின் பெயர்களை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். மருத்துவ அறையில் உடலை ஸ்கான் செய்வது போன்ற சில வேலைகள் மற்றவர்கள் கண்ணுக்கும் தெரியும். அறையைத் திறந்தவர் அதை நிறுத்தி வைக்காவிட்டால், அப்படிச் செய்து காட்டியவர் வேடதாரி அல்ல. சிறப்புப் பாத்திரங்கள் இல்லாத ஆட்டத்தில், காற்றுத் துவாரத்துக்குள் நுழைந்தவரைக் கண்டால் அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

மௌனம் குற்றமல்ல

மெதுவாகத் தட்டுபவர், சிக்னல் விட்டுப்போனவர், புதியவர் எல்லோரும் மௌனமாகத்தான் இருப்பார்கள். சந்தேகத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது என்னவென்று எங்கள் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பில் தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விளையாட்டில் வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் திரும்பி வருவார்தான். ஆனால் கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் பிள்ளைகளோடு தங்கிவிடும். வாக்களிக்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி பேச இடம் கொடுங்கள்.

நீங்களே வேடதாரி என்றால்

பெரிய பொய் வேண்டாம். உண்மையில் போன பாதையைச் சொல்லி, ஒரு நிமிடத்தை மட்டும் மறையுங்கள். முதல் ஆளாகக் குற்றம் சாட்டாதீர்கள். செய்வதுபோல் நடிக்கும் வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்துகொண்டு அவ்வளவு நேரம் நில்லுங்கள்.

ஆட்டத்துக்கு வெளியே

கொல்லப்பட்டவர் ஆவியாக நின்று தன் வேலைகளை முடிக்கலாம். அது அணிக்கு உதவும். ஆனால் வட்ஸ்அப்பில் கொலையாளியின் பெயரைச் சொன்னால் ஆட்டமே கெட்டுவிடும். முன்பின் தெரியாதவர்களோடு விளையாடும்போது உண்மைப் பெயர், பாடசாலை, தொலைபேசி எண் எதுவும் கொடுக்கக்கூடாது. கடவுச்சொல்லும் தனியாக இருக்கட்டும். இதே வகையைச் சேர்ந்த 'டவுன் ஒஃப் சேலம்' விளையாட்டின் எழுபது இலட்சத்துக்கும் அதிகமான கணக்குகளின் தரவுகள் கசிந்த செய்தி 2019 ஜனவரியில் வெளியானது.

மருமகன் இப்போது கூட்டம் தொடங்கியதும் அறையின் பெயரை மட்டும் முதலில் தட்டிவிடுகிறான். ஒரே ஒரு சொல். அதன்பிறகு அவனைக் கேட்காமல் யாரும் வெளியே போடுவதில்லை.