அடெலிட்டா போட்ட கோடு

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவை ஒட்டிய பசிபிக் கடலில் பெருந்தலை ஆமைகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. அங்கே கூட்டம் கூட்டமாக மிதக்கும் செந்நிற நண்டுகள்தான் அவற்றின் தீனி. ஆனால் அந்தக் கரையில் பெருந்தலை ஆமை முட்டையிடுவதே இல்லை. வட பசிபிக்கில் அது முட்டையிடும் இடம் ஜப்பான். இடையில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். அப்படியானால் இவை எங்கிருந்து வந்தவை? 1990களின் தொடக்கம்வரை இதற்கு உறுதியான பதில் இல்லை.

ஆமையின் வழியை அறியும் ஆசை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் கோஸ்டாரிகாவின் டோர்டுகெரோ கரையில் பச்சை ஆமைகளுக்கு எண் பொறித்த தகடு போட ஆரம்பித்தார். முதலில் ஓட்டில் துளையிட்டுக் கம்பியால் கட்டிப் பார்த்தார். இணை சேரும்போது ஆண் ஆமை உரசுவதில் தகடுகள் கழன்றன. பிறகு மாட்டின் காதில் குத்தும் தகட்டை முன்துடுப்பில் குத்தினார், அது நின்றது. திருப்பி அனுப்புவோருக்கு 5 டாலர் பரிசு. அனுப்பியவர்களில் பலர் நிகராகுவா பக்கம் ஆமை பிடித்து அறுத்தவர்கள்.

தகட்டால் தெரிவது இரண்டே இடங்கள்: விட்ட இடம், பிடிபட்ட இடம். நடுவே ஆமை போன வழி தெரியாது. மிதவையில் ஹீலியம் பலூனைக் கட்டி, ஆமை அதை இழுத்துச் செல்ல, பின்னாலேயே போய்ப் பார்த்தார் கார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரைதான் அது உதவியது. செயற்கைக்கோளால் இது முடியும் என்று 1960களிலேயே அவர் சொன்னார். கருவி வர வேண்டியிருந்தது. 1979இல் மெக்சிகோ வளைகுடாவில் விடப்பட்ட ஒரு பெருந்தலை ஆமையின் சிக்னலை நிம்பஸ்-6 செயற்கைக்கோள் பிடித்தது. பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து 1978இல் தொடங்கிய ஆர்கோஸ் அமைப்பு பின்னாளில் இந்த வேலையை உலகெங்கும் பொதுவாக்கியது.

கருவியைப் பொருத்துவது பொறுமையான கைவேலை. ஓட்டில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு ஓட்டின் மேல்பகுதியில் டிரான்ஸ்மிட்டரை வைத்து, கண்ணாடியிழைத் துணியும் பசையுமாக அடுக்கடுக்காகப் பூச வேண்டும். ஆமை மூச்செடுக்க மேலே வரும் சில நொடிகளில் ஆன்டெனா தண்ணீருக்கு வெளியே நீளும். அப்போது சிக்னல் போகும். நெருங்கி வந்து விலகிப் போகும் ரயிலின் ஊதல் சுருதி மாறுவதைப் போல, கடந்து செல்லும் செயற்கைக்கோளுக்கு அந்த சிக்னலின் அலைவரிசை மாறிக் கேட்கும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டால் ஆமை இருக்கும் இடம் கிடைத்துவிடும்.

இனி பாஹா. அன்டோனியோ ரெசென்டிஸ் என்ற மெக்சிகோ ஆய்வாளர் தம் ஆய்வு நிலையத்தில் வளர்ந்த ரொசிட்டா என்ற பெருந்தலை ஆமையைத் தகடு போட்டு 1994இல் கடலில் விட்டார். 478 நாட்கள் கழித்து, 1995 நவம்பரில், ஜப்பானின் கியூஷு அருகே அது ஒரு மீனவரின் வலையில் சிக்கியது. அதே ஆண்டு வெளியான மரபணு ஆய்வும் பாஹா ஆமைகள் ஜப்பானில் பிறந்தவை என்றே காட்டியது. ஆனால் போன வழி அப்போதும் தெரியவில்லை.

1996 ஆகஸ்டில் அதே நிலையத்தில் இருந்த அடெலிட்டா என்ற பெருந்தலை ஆமையின் ஓட்டில் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்திக் கடலில் விட்டார்கள். ரெசென்டிஸுடன் இருந்த வாலஸ் ஜே. நிக்கோல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், வந்த இடக்குறிப்புகளை உடனுக்குடன் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார். அறிவியலாளர்கள் தரவைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம். பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். 368 நாட்களில் 11,500 கிலோமீட்டர். ஒரு விலங்கு பெருங்கடல் ஒன்றை முழுதாக நீந்திக் கடந்ததை மனிதர் தொடர்ந்து கண்டது அதுதான் முதல்முறை. ஜப்பானில் செண்டாய் அருகே கடைசிச் சிக்னல்கள் ஒரு மீன்பிடித் துறைமுகத்தை நோக்கிப் போய் நின்றன. வலையில் சிக்கி இறந்திருக்க வேண்டும் என்பதே நிக்கோல்ஸின் முடிவு.

அடெலிட்டாவுக்குப் பிறகு இன்னும் பல ஆமைகளுக்குக் கருவி பொருத்தினார்கள். அந்தக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பெருங்கடல் முழுவதும் திரியக்கூடிய ஆமைகள் பாஹா கரையை ஒட்டிய ஒரு சிறு பரப்பிலேயே குவிந்து கிடந்தன. உள்ளூர்ச் சிறுபடகுகள் வலை விரிக்கும் இடமும் அதுவே. அங்கே ஆண்டுக்குக் குறைந்தது 1,000 பெருந்தலை ஆமைகள் சாகின்றன என்று 2007இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதைக் கேட்ட மீனவர்களில் ஒரு பகுதியினர் தாமாகவே தம் மீன்பிடி முறையை மாற்றினார்கள். தொழிலில் கை வைக்கும் சேதியைக் கேட்டு இப்படி முடிவெடுப்பது எளிதல்ல. இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது அவர்களைத்தான்.

மெக்சிகோ அரசு அப்படிச் செய்யவில்லை. 2012 ஜூலை ஒரே மாதத்தில், பாஹாவின் அதே பகுதியில் உள்ள உல்லோவா வளைகுடாவின் 43 கிலோமீட்டர் மணற்கரையில் 483 பெருந்தலை ஆமைகள் இறந்து ஒதுங்கின. அப்போதும் காரணம் என்ன என்ற விவாதமே நீண்டது. அமெரிக்கா நெருக்கிய பிறகு, 2015இல்தான் அந்த வளைகுடாவில் மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடு வந்தது. எங்கே காக்க வேண்டும் என்று ஆமைகளே காட்டிக்கொடுத்து அதற்குள் எட்டு ஆண்டுகள் போயிருந்தன. அந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.