முன்கடைவாய்ப் பல் காப்பு மருத்துவத்தின் வரலாறு: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கோரைப் பல்லுக்கும் பின்கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் அமைந்த முன்கடைவாய்ப் பற்கள் நவீன பல் மருத்துவ ஆய்வில் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டவை. எளிதில் பிடுங்கப்படுபவையும் அவையே. இப்பற்களைப் பிடுங்காமல் காக்கும் முறைகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், திருமுக்கூடல் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் காட்டும் பராமரிப்பு, மருத்துவ அமைப்புகளை அது ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறது. சிற்றூர் மக்களின் முன்கடைவாய்ப் பல் காக்கப்படுவதைச் சிகிச்சை நுட்பத்தைக் காட்டிலும் சிகிச்சை தொடங்கும் காலமே தீர்மானிக்கிறது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: முன்கடைவாய்ப் பல், பல் நிரப்புதல், வேர் சிகிச்சை, திருமுக்கூடல் கல்வெட்டு, ஆதுலர்சாலை, உத்திரமேரூர்.

முன்னுரை

வளர்ந்த மனிதனின் வாயில் எட்டு முன்கடைவாய்ப் பற்கள் உள்ளன. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இரண்டும் கீழே இரண்டும் அமைந்துள்ளன. பாற்பற்களில் இவ்வகை இல்லை. பால் கடைவாய்ப் பற்கள் விழுந்த இடத்தில், ஏறத்தாழ 10 முதல் 12 வயதுக்குள் இவை முளைக்கின்றன. பள்ளிப் பருவத்தில் முளைத்து முதுமை வரை நிலைக்க வேண்டிய இப்பற்கள் சிற்றூர்களில் இடைவயதிலேயே இழக்கப்படுவதுண்டு. இவ்விழப்பு தனிமனிதரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதா, மருத்துவ அறிவும் மருத்துவ அமைப்பும் வளர்ந்த விதத்திலும் அதற்கு வேர் உண்டா என்னும் வினா இங்கு எழுகிறது.

திருமுக்கூடல் ஆதுலர்சாலை

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலையையும் விடுதியையும் 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையையும் அக்கல்வெட்டு விரிவாகப் பதிவு செய்கிறது. அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மருந்துப் பொருள் சேகரிப்போர் இருவர், நோயாளிகளுக்கு மருந்து அளிக்கும் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன் ஆகியோர் பணியாளராகக் குறிக்கப்பெறுகின்றனர். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், மண்டூர வடகம், கல்யாண லவணம் முதலிய மருந்துகள் ஆண்டுதோறும் இருப்பில் வைக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது.

இச்சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியதாக இருந்தது. இதனை இக்காலப் பொது மருத்துவமனையாகக் கருத இயலாது. பல்லுக்கெனத் தனி மருத்துவரும் குறிக்கப்பெறவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அறுவை செய்வோனும் நாவிதனும் மருத்துவ அமைப்பின் உறுப்பினராக இருந்தமை. ஐரோப்பாவில் பல் பிடுங்கும் தொழில் நெடுங்காலம் நாவித அறுவையரிடம் இருந்தது. தமிழகத்திலும் நாவிதத் தொழில் புரிந்தோர் சிறு அறுவைகளைச் செய்தனர். 'மருத்துவர்' என்ற பெயராலும் வழங்கப்பெற்றனர். இரண்டாவது, பணியாளர் ஊதியமும் மருந்துச் செலவும் ஆண்டுக் கணக்கில் முன்னரே ஒதுக்கப்பட்டமை. நோயாளி வந்த பின்னர் செலவுக்கு வழி தேடும் நிலை அங்கு இல்லை.

பல் நோய் பற்றிய மரபு அறிவு

ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கும் வழக்கம் தமிழ் மக்களின் நாள்முறை ஒழுக்கத்தில் இடம்பெற்றது. பல்வலிக்குக் கிராம்பு வைப்பதும், கண்டங்கத்திரி விதையின் புகையை வாயில் பிடிப்பதும் நாட்டு மருத்துவத்தில் வழங்கின. புகை பிடிக்கும் முறைக்குப் பின்னால் பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது. இந்நம்பிக்கை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனிய நூல்களிலும் காணப்படுகிறது. சுசுருத சங்கிதையும் பற்சொத்தையைக் 'கிருமிதந்தம்' என்றே குறிக்கிறது. அந்நூல் மேல்தாடைப் பல் ஆடினாலும் அதனைப் பிடுங்கலாகாது, குருதி மிகுந்து கேடு விளையும் என்று எச்சரிக்கிறது. பிடுங்குதலை எளிய செயலாகக் கருதாத மரபு ஒன்று இருந்ததை இது காட்டுகிறது.

இம்மரபு முறைகள் தூய்மையைப் பேணின, வலியைத் தணித்தன. ஆனால் குழி விழுந்த பல்லின் வடிவத்தை மீட்கும் வழி அவற்றில் வளரவில்லை. அதனால் வலி முற்றிய நிலையில் பிடுங்குதலே எஞ்சியது.

பிடுங்குதலிலிருந்து நிரப்புதலுக்கு

பிரான்சு நாட்டின் பியேர் ஃபொஷார் 1728-இல் வெளியிட்ட நூல் பல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிறுவியது. பல்லில் புழுவைத் தாம் கண்டதில்லை என்று அவர் எழுதினார். 1771-இல் ஜான் ஹண்டர் மனிதப் பற்களின் இயற்கை வரலாற்றை எழுதியபோது, முன்கடைவாய்ப் பல்லை 'இருமுகட்டுப் பல்' என்னும் பொருள்படும் பெயரால் தனியே வகைப்படுத்தினார். கன்னப் பக்கம் ஒரு முகடும் நாக்குப் பக்கம் ஒரு முகடும், இடையில் ஆழ்ந்த பள்ளமும் கொண்ட அமைப்பே இப்பெயருக்குக் காரணம். இப்பல்லின் நோய்க்கும் முறிவுக்கும் அவ்வமைப்பே காரணமாகிறது. பள்ளத்தில் உணவுத் துகள் தங்கிச் சொத்தை தொடங்குகிறது. சொத்தையால் உட்பகுதி வலுவிழந்த பின், மெல்லும் விசை ஆப்புப் போல இரு முகடுகளையும் பிளக்கிறது.

நிரப்புதலை ஒழுங்குபட்ட அறிவாக்கியவர் அமெரிக்காவின் ஜி. வி. பிளாக். 1908-இல் வெளிவந்த அவரது நூல் பற்குழிகளை வகைப்படுத்தியது. கடைவாய்ப் பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் அடுத்த பல்லைத் தொடும் பக்கங்களில் உண்டாகும் குழி 'இரண்டாம் வகை' எனப்பட்டது. பாதரசக் கலவை பல்லோடு ஒட்டாது. ஆகவே அது கழன்று விழாதிருக்கும் வண்ணம் குழியைப் பெட்டி வடிவில் வெட்ட வேண்டியிருந்தது. மீண்டும் சொத்தை வராமல் தடுக்க அருகிலிருந்த நலமான பகுதியையும் சேர்த்து வெட்டும் கொள்கையைப் பிளாக் வகுத்தார். அகன்ற பின்கடைவாய்ப் பல் இதனை ஓரளவு தாங்கியது. குறுகிய கழுத்துடைய முன்கடைவாய்ப் பல்லில் எஞ்சிய சுவர்கள் மெலிந்தன.

இந்தியாவில் இவ்வறிவு காலந்தாழ்ந்தே பரவியது. 1920-இல் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் நிறைவேறியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953-இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் தனிக் கல்லூரியாக வளர்ந்தது.

ஆய்வுக்கூடத்தில் முன்கடைவாய்ப் பல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பல் ஆய்வுக்கூடத்தில் தனி இடம் பெற்றது. அதற்கு மற்றொரு துறையே காரணம். பல் சீரமைப்புத் துறையில், நெருக்கமாக முளைத்த பற்களை ஒழுங்குபடுத்த இடம் உண்டாக்குவதற்காக முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கும் முறை, 1940-களில் சார்லஸ் ட்வீட் முன்வைத்த வாதங்களுக்குப் பின் பரவலாயிற்று. சொத்தையற்ற, முறியாத, இளம் வயதினரின் பற்கள் இவ்வாறு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பல் மருத்துவ ஆய்வேடுகளில் முறிவு எதிர்ப்பு பற்றியவை பல இத்தகைய முன்கடைவாய்ப் பற்களைக் கொண்டு செய்யப்பட்டவையே.

இவ்வகை ஆய்வுகளில் 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோர் வெளியிட்டது அடிப்படையானது. பிடுங்கப்பட்ட மேல்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப் பற்களில் படிப்படியாக வெட்டுகள் செய்து, ஒவ்வொரு படியிலும் பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என அவர்கள் அளந்தனர். வேர் சிகிச்சைக்காகத் துளையிட்டதால் ஏற்பட்ட குறைவு 5 விழுக்காடு மட்டுமே. மெல்லும் பரப்பில் மட்டும் குழி வெட்டியபோது 20 விழுக்காடு குறைந்தது. மெல்லும் பரப்போடு இருபக்க விளிம்பு மேடுகளையும் வெட்டியபோது குறைவு 63 விழுக்காடாயிற்று. வேர் சிகிச்சை பெற்ற பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்ற பரவலான கருத்தை இம்முடிவு அசைத்தது. பல்லை வலுவிழக்கச் செய்வது வேர் சிகிச்சையன்று. அதற்கு முன்னரே சொத்தையும் வெட்டும் விளிம்பு மேடுகளை அழித்தமையே ஆகும்.

இதற்கிடையில் பொருள்களும் மாறின. 1955-இல் புவோனோகோர் எனாமலை அமிலத்தால் பதப்படுத்திப் பிசினை ஒட்டவைக்கும் முறையைக் கண்டார். 1962-இல் போவன் காம்போசிட் பிசினுக்கு அடிப்படையான வேதிப்பொருளை உருவாக்கினார். ஒட்டும் பொருள் கிடைத்தமையால் நலமான பகுதியை வெட்டும் தேவை குறைந்தது. முகடுகளைப் பிணைத்து வலுவூட்டவும் வழி பிறந்தது. எனினும் காம்போசிட்டுக்கு உமிழ்நீர் படாத உலர்ந்த பரப்பும், ஒளி பாய்ச்சி இறுகச் செய்யும் கருவியும், மின்சாரமும், பயிற்சியுடைய கையும் தேவை.

வேர்க்குழாய் அமைப்பும் சென்னை ஆய்வும்

சொத்தை பற்கூழை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை தேவைப்படும். முன்கடைவாய்ப் பற்களின் வேர்க்குழாய் அமைப்பு ஒரே சீரானதன்று. மேல்தாடை முதல் முன்கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் இரு குழாய்கள் உள்ளன. கீழ்த்தாடை முதல் முன்கடைவாய்ப் பல் வெளித்தோற்றத்தில் எளியது, உள்ளமைப்பில் ஏமாற்றக்கூடியது. சென்னையில் வேல்முருகன், சந்தியா ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியரின் கீழ்த்தாடை முதல் முன்கடைவாய்ப் பற்கள் 100 நிறமூட்டி ஒளிபுகும்படி ஆக்கப்பெற்று ஆராயப்பட்டன. அவற்றுள் 72 பற்களில் மட்டுமே வேரின் முழுநீளத்துக்கும் ஒற்றைக் குழாய் காணப்பட்டது. எஞ்சியவற்றில் பிரிந்தும் கூடியும் செல்லும் பலவகை அமைப்புகள் இருந்தன. ஒரு குழாயைத் தூய்மைசெய்து மற்றதைத் தவறவிட்டால் நோய் மீளும். ஆகவே இச்சிகிச்சைக்கு ஊடுகதிர்ப் படமும் நேரமும் வேண்டும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வருகைகளும், பின்னர் உறை பொருத்துதலும் வேண்டும்.

சிற்றூரை நோக்கிய சிகிச்சை

உத்திரமேரூர் ஏரிப்பாசன வேளாண்மையைச் சார்ந்த வட்டாரம். அண்டை வட்டாரங்களான மேல்மருவத்தூரிலும் மதுராந்தகத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளமையால் இங்குத் தொலைவு பெருந்தடையன்று. தடை காலத்தில் உள்ளது. நாட்கூலி பெறுவோர்க்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. வேர் சிகிச்சையும் உறையும் பல நாட்களைக் கோருகின்றன. பிடுங்குதல் ஒரே நாளில் முடிகிறது. வலியோடு வரும் ஒருவர் பிடுங்குதலைத் தேர்வது அறியாமையின் விளைவன்று. தம் நிலையில் நின்று போட்ட கணக்கின் விளைவு.

இத்தடையை முதன்மைப்படுத்தி உருவானதே, கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டி நீக்கிக் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் நிரப்பும் முறை. இச்சிமெண்டை வில்சன், கென்ட் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் இலண்டனில் உருவாக்கினர். இது பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும், ஒளியின்றி இறுகும், ஃபுளோரைடை வெளியிடும். 1980-களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃபிரென்கன் முதலானோர் இம்முறையைத் தொடங்கினர். உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் இதனை ஆதரித்தது. 2021-இல் அடிப்படை மருந்துகளின் பட்டியலில் இச்சிமெண்டைச் சேர்த்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றமையால், மலிவான பாதரசக் கலவையின் இடத்தை நிரப்பும் தேவையும் கூடியுள்ளது.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. ஒரே பரப்பில் அமைந்த நிரப்பல்கள் நெடிது நிலைக்கின்றன. பல பரப்புகளில் பரவியவை விரைவில் தோல்வியடைகின்றன என்பதைக் கள ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. இம்முடிவை 1989-ஆம் ஆண்டு ஆய்வுக்கூட முடிவோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். குழி மெல்லும் பரப்பளவில் நிற்கும்போது பல்லின் இழப்பு சிறியது. அந்நிலையில் மின்சாரமற்ற எளிய சிகிச்சையும் பயன்தரும். விளிம்பு மேடுகள் சிதைந்த பின் இழப்பு பன்மடங்காகிறது. அப்போது நகரத்தின் நுட்பம் அனைத்தும் தேவைப்படுகிறது. ஒன்றையொன்று சாராத இரு ஆய்வு வழிகளும் சிகிச்சையின் காலம் பற்றி ஒரே முடிவைத் தருகின்றன.

முடிவுரை

முன்கடைவாய்ப் பல் குறித்த ஆய்வறிவின் பெரும்பகுதி, சீரமைப்புக்காகப் பிடுங்கப்பட்ட நலமான பற்களிலிருந்து பெறப்பட்டது. சொத்தை முற்றிப் பிடுங்கப்படும் சிற்றூர்ப் பற்கள் அவ்வாய்வுகளின் தகுதி வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே எந்தப் பொருள் வலிமையானது என்ற வினா விரிவாக ஆராயப்பட்ட அளவுக்கு, நோயாளி எந்நிலையில் வந்து சேர்கிறார் என்ற வினா ஆராயப்படவில்லை. உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களில் செய்யப்படும் பல் மருத்துவ ஆய்வுகள் முறிவு விசையோடு வருகைகளின் எண்ணிக்கையையும் கூலி இழப்பையும் அளவிடுதல் வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபை முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் காட்டும் குடவோலை முறையால் ஏரி வாரியத்தை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தது. வயிரமேக தடாகத்தைத் தூர்வாருவதற்கான அறக்கொடைகளையும் அவ்வூர்க் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. கரை உடைந்த பின் அடைப்பதைவிட ஆண்டுதோறும் பேணுவதே ஏரியைக் காக்கும் என்பது அவ்வமைப்பின் அடிப்படை. திருமுக்கூடல் ஆதுலர்சாலையின் ஆண்டு ஒதுக்கீட்டிலும் அதே நோக்கு வெளிப்படுகிறது. முன்கடைவாய்ப் பற்கள் முளைத்து முடியும் 12 வயதை ஒட்டிப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பற்களைச் சோதித்து, மெல்லும் பரப்பிலேயே சொத்தையை அடைக்கும் ஏற்பாடு அமையுமாயின், பிற்காலத்தில் வேர் சிகிச்சையா பிடுங்குதலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பெருமளவு குறையும். அதற்கு வேண்டிய பொருளும் முறையும் ஏற்கெனவே உள்ளன. ஆண்டுதோறும் நிகழும் உறுதியான ஒதுக்கீடே இன்னும் அமைய வேண்டியதாகும்.